பொய் சொல்லாமல் காட்டிய வழி

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் முனையில், ஒரு மதகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தபடி நான் செய்த காரியம் இது. எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்த மே மாதம். என் கணவருக்குக்கூட இதைப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

அப்போது கேபிளில் சனிக்கிழமை காலையில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் தமிழ் பேசிக்கொண்டு வரும். அதில் ஒரு வனதேவதை. தேவதை என்றதும் வெள்ளை கவுனும் கையில் கோலுமாக நினைத்துவிடாதீர்கள். பத்து வயதுப் பையன் உருவம், கூர்மையான காது, விட்டில் பூச்சிக்கு இருப்பது போலச் சாம்பல் நிறத்தில் இரண்டு இறக்கை. ஆனால் வயது ஆயிரத்துக்கு மேல். அந்தக் காட்டை ஆண்ட ராஜாக்களின் பாட்டனாரைக்கூட அலைக்கழித்த ஆள் என்று கதையில் வரும். நானும் எதிர் வீட்டுத் தோழியும் அதற்குக் 'கிழக்குட்டி' என்று பெயர் வைத்திருந்தோம்.

கிழக்குட்டிக்கு ஒரே வேலைதான். காட்டுக்குள் நாலு பாதை பிரியும் இடத்தில் ஒரு மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வழி கேட்டு யாராவது வருவார்கள். குதிரை வீரன் வருவான், வியாபாரி வருவான், மந்திரவாதி வருவான். அது பதில் சொல்லும். சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் அதைக் கேட்டு நடந்தவர்கள் காடெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி அதே மரத்தடிக்கு வந்து நிற்பார்கள். "நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு அது சிரிக்கும். அந்தச் சிரிப்பை நாங்கள் இருவரும் வாரம் முழுக்கப் பழகிப் பார்ப்போம்.

அது ஏன் அத்தனை பிடித்தது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். பதின்மூன்று வயதில் எல்லாவற்றையும் பெரியவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். எந்த டியூஷன், எந்த குரூப், யார் வீட்டுக்குப் போகலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், எல்லாமே. அப்படிப்பட்ட பெரியவர்களைப் பார்க்கச் சின்னதாக இருக்கும் ஒன்று சுற்றவிடுகிறது என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம்தானே.

டவுன்ஷிப்பைத் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா ரோடும் ஒரே மாதிரி. எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி, ஒரே மஞ்சள், ஒரே கேட், வாசலில் ஒரே மாதிரி வேப்ப மரம். அங்கேயே பிறந்த எங்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். வெளியூரிலிருந்து வருபவர்கள் கையில் துண்டுச் சீட்டோடு தடுமாறுவார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவர்கள், பலாப்பழம் சுமந்து உறவுக்காரர் வீட்டுக்கு வருபவர்கள், பார்சல் கொண்டு வருபவர்கள் என்று எல்லாரும் எங்கள் மதகைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

அந்த லீவில் நாங்கள் கிழக்குட்டி ஆனோம்.

விதி ஒன்றே ஒன்று. பொய் சொல்லக் கூடாது. மற்றபடி எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். பத்திரிகை வைக்க வந்த ஒருவரிடம், "தண்ணி டேங்குக்கு எதிர்த்தாப்ல" என்றோம். எங்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே மூன்று தண்ணீர் டேங்குகள் உண்டு. அவர் மூன்றையும் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதியை இரண்டு தடவை சுற்றவிட்டோம். அவர் வந்து முறைத்தபோது, "நாங்க சொன்னதுல எது தப்பு அங்கிள்?" என்று தோழி கேட்டாள். அவர் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினார். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த அம்மா வந்தது அதற்கடுத்த வாரம். கத்திரி வெயில். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ரோட்டில் ஒரு காக்கைகூட இல்லை. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வெளுத்துப்போன பச்சைப் புடவை, காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒயர் கூடை. வேகமாக வந்தவர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நின்றார்.

"பாப்பா, இந்தச் சீட்டுல இருக்கற வூடு எங்கம்மா இருக்குது? பஸ்ஸ வுட்டு எறங்கி நடந்துகினே இருக்கறேன். எல்லா வூடும் ஒண்ணு போலவே இருக்குதும்மா."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். எங்கள் பிளாக்தான். எங்களுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. குறுக்குச் சந்தில் நுழைந்தால் மூன்று நிமிடம்கூட ஆகாது. அந்த வீடு எனக்கு நன்றாகத் தெரியும். வடநாட்டு அதிகாரி ஒருவருடைய வீடு. அவர் வேலையை விட்டுவிட்டு வடக்கே வேறு கம்பெனிக்குப் போகிறார் என்று பேச்சு. அன்று காலையில்தான் அந்த வாசலில் லாரி நின்று பீரோவும் கட்டிலும் ஏறியதைச் சைக்கிளில் போகும்போது பார்த்திருந்தேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"இந்த ரோட்டுலயே நேரா போங்க. எங்கயும் திரும்பாதீங்க. ரோடே அந்த வீட்டுகிட்ட கொண்டு போய் விட்டுடும்."

உண்மைதான். அது எங்கள் பிளாக்கையும் பக்கத்து இரண்டு பிளாக்கையும் சேர்த்து வளைத்துக்கொண்டு போகும் பெரிய ரோடு. எங்கும் திரும்பாமல் நடந்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் சுற்றி, அந்தத் தெருவின் மறுமுனையில் வந்து சேரும்.

"ரொம்ப தூரமா பாப்பா? மூணு மணிக்குள்ள போயாவணும்."

"நடக்கறவங்களைப் பொறுத்துங்க."

தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அந்த அம்மா, "நல்லா இருப்பம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். நடை என்று சொல்ல முடியாது, பாதி ஓட்டம். ஒயர் கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் அவர் தலை மறையும் வரை காத்திருந்து, கிழக்குட்டியின் சிரிப்பைச் சிரித்தோம்.

மூன்று மணி வாக்கில் தாகமெடுத்தது. பின் தெருவில் இருந்த ஒரு சின்னப் பெட்டிக்கடையில் ஐஸ் வாங்கலாம் என்று கிளம்பினோம். அந்த அதிகாரி வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். லாரி போய்விட்டிருந்தது. வாசலில் ஒரு கார், டிக்கி திறந்திருந்தது. கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். ஐந்தாறு வயது இருக்கும். புது கவுன், புது ஷூ, தலையில் ரிப்பன். அவளுடைய அம்மா குனிந்து இந்தியில் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் தலையை ஆட்டி ஆட்டித் தமிழில் கத்தினாள்.

"எங்க ஆயாம்மா வரும்! வந்துகினு இருக்குது! நான் வர மாட்டேன்!"

எனக்குக் கால் நின்றுவிட்டது. வடநாட்டு வீட்டுப் பிள்ளை. ஆனால் வாயைத் திறந்தால் அப்படியே அந்தப் பச்சைப் புடவை அம்மாவின் பேச்சு. அந்தக் குழந்தைக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம், சென்னை போய் ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் வரச் சொல்லி ஆள் விட்டுத் தகவல் சொன்னோமே, இன்னும் கொஞ்சம் பார்க்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதாவது வாயைத் திறந்து, "அவங்க வந்துட்டாங்க, பெரிய ரோட்டுல போய்க்கிட்டு இருக்காங்க" என்று சொல்லியிருக்கலாம். கார் இருந்தது. ஐந்து நிமிடத்தில் போய் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். இருபது வருடத்தில் இதை எத்தனை முறை நினைத்திருப்பேனோ. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நீதானே அனுப்பினாய் என்று வரும். அப்பா காதுக்குப் போகும். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

தோழியின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடி, போய்க் கூட்டிட்டு வந்துரலாம்."

"நாம என்ன பண்ணோம்? பொய்யா சொன்னோம்?" என்றாள் அவள். பிறகு, "எனக்கு வெயில் ஒத்துக்காது" என்று வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வழி சொன்னது நான்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டில் மிதித்தேன். தார் இளகி டயரில் ஒட்டிக்கொண்டு சரசரவென்று சத்தம் வந்தது. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர், ஆளைக் காணோம். திரும்பியிருப்பாரோ, யாரிடமாவது கேட்டுச் சரியான வழிக்குப் போயிருப்பாரோ என்று ஆசைப்பட்டேன். அவர் எங்கும் திரும்பவில்லை. நான் திரும்ப வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, அதை அப்படியே நம்பி நேராகவே நடந்திருந்தார். வீடுகள் முடிந்து தைல மரங்களாக வரும் ஒரு வளைவில், மர நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பின் வார் அறுந்து கையில் இருந்தது. வெறுங்காலோடு அந்தத் தாரில் நடந்திருக்கிறார். பாதத்தை மண்ணில் வைக்க முடியாமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீயே தேடிக்கினு வந்துட்டியா தாயி! எங்கியோ தப்பிட்டேன் போலருக்குதும்மா. நேராத்தான் வந்தேன்."

"ஏறுங்க" என்றேன்.

அதற்கு முன் அவர் சைக்கிள் பின்னால் உட்கார்ந்ததே இல்லையாம். ஒரு கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. மடியில் கூடை. எனக்குப் பதின்மூன்று வயது, ஒல்லியான உடம்பு. பின்னால் ஆளை வைத்து மிதிக்க மிதிக்கத் தொடை நடுங்கியது. வந்த வழியே திரும்பினால்தான் கிட்டம் என்று கணக்குப் போட்டுத் திரும்பினேன். வழி நெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். காடாம்புலியூர் அவருக்கு. அந்தக் குடும்பம் முன்பு மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தபோது அங்கேயே தங்கி வேலை பார்த்திருக்கிறார்.

"இருபது நாள் புள்ளையா கையில வாங்கனேன் பாப்பா. அவங்கம்மாவும் வேலைக்குப் போறவங்க. என் மடியிலதான் தூங்கும். போன வருஷம் எங்கூட்டுக்காரரு பலா மரத்துலேர்ந்து வுழுந்து இடுப்பு ஒடிஞ்சி போச்சி. அவர வுட்டுட்டு வர முடியல, நின்னுட்டேன். அப்புறந்தான் இவங்க இங்க குவார்ட்டர்ஸ் வாங்கிக்கினு வந்தாங்களாம். இந்த வூடு எனக்குத் தெரியாது. இன்னிக்கு ஒரு தபா மூஞ்சப் பாத்துட்டா போதும்."

நான் உம் கொட்டிக்கொண்டே மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும், இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். மூச்சு வாங்குகிறது, அதனால்தான் பேசவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தெருவில் நுழைந்தபோதே தெரிந்துவிட்டது. கார் இல்லை. கேட்டில் பூட்டு தொங்கியது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாசலிலேயே நின்றிருந்தார். "நீங்கதான் ஆயாம்மாவா? அடக் கடவுளே, கார் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகலைங்க. மூணே முக்கால் வரைக்கும் காத்திருந்தாங்க. கேட்டை விட மாட்டேன்னு ஒரே அழுகை. கையைப் பிரிச்சு எடுத்துத்தான் காருக்குள்ள தூக்கிப் போட்டாங்க. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

அந்த அம்மா சைக்கிளிலிருந்து இறங்கிய இடத்திலேயே நின்றார். பூட்டைப் பார்த்தார். ரோட்டின் அந்தக் கடைசியைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"வந்துட்டேம்மா, அப்பவே வந்துட்டேன். இந்தப் பாப்பா கரெக்டாத்தான் வழி சொல்லிச்சி. நான் எழுத்து தெரியாத கட்ட. எனக்குத்தான் புரியல."

ஆன்ட்டி என்னைப் பார்த்து, "நல்ல பொண்ணு" என்றார். நான் சைக்கிள் பெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆன்ட்டி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அந்த அம்மா கேட்டுக்கு முன்னால் இருந்த படியில் உட்கார்ந்தார். அழவில்லை. கூடையைத் திறந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். உள்ளே பலாச்சுளை. ஒவ்வொன்றிலும் கொட்டையை எடுத்துவிட்டு, நார் நாராகப் பிரித்து, குழந்தை வாய்க்குத் தகுந்தபடி கிள்ளி வைத்திருந்தார்.

"அதுக்குக் கொட்ட இருந்தா புடிக்காது" என்றவர் டப்பாவை என்னிடம் நீட்டினார். "நீ தின்னும்மா. அவ்ளோ தூரம் என்ன வச்சி மிதிச்சிக்கினு வந்தியே. திரும்பி வூட்டுக்கு எடுத்துக்கினு போனா எனக்கு மனசு கேக்காது."

வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. ஒரு துண்டை எடுத்து அவரே என் கையில் வைத்தார். தின்றேன். நன்றாகப் பழுத்த தேன் பலா. இன்னொன்று கொடுத்தார். அதையும் தின்றேன். டப்பா காலியாகும் வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கேவலமாக நான் வாழ்க்கையில் எதையும் தின்றதில்லை.

அதற்கப்புறமும் நான் சொல்லவில்லை. ஆன்ட்டியின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார். இந்தத் தடவை சந்து வழியாக நானே கூட்டிப் போய் விட்டேன். மூன்று நிமிடத்தில் எங்கள் மதகு வந்துவிட்டது. அவர் ஒரு நொடி மதகையும் நாங்கள் வந்த சந்து வழியையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். "பாத்தியா, இம்புட்டு கிட்டத்துலயே இருந்துருக்குது, நான் கூறுகெட்டவ" என்று தலையில் லேசாக அடித்துக்கொண்டு போனார்.

அந்தச் சனிக்கிழமையும் கிழக்குட்டி வந்தது. தோழி எங்கள் வீட்டில் உட்கார்ந்து வழக்கம்போலச் சிரித்தாள். நான் அன்றுதான் முதன்முதலாக வழி கேட்டு வருபவர்களைக் கவனித்தேன். அவர்களுக்கு முகமே சரியாக வரைந்திருக்கவில்லை. இரண்டு புள்ளி, ஒரு கோடு. அவர்கள் எங்கே போகக் கிளம்பினார்கள், போய்ச் சேராததால் என்ன ஆனது என்று எந்தச் சனிக்கிழமையும் காட்டவில்லை. பாட்டு வந்து, பெயர்கள் ஓடி, முடிந்துவிடும். நான் பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

பள்ளி திறந்த பிறகும் மதகைத் தாண்டும்போதெல்லாம் அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் போய் அந்தக் குடும்பத்தின் புது விலாசத்தை வாங்கினேன். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலைந்து தாளைக் கிழித்த பிறகு, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன்: "அப்பா, 'வேணும்னே வழி மாத்தி விட்டேன்' அப்படிங்கறதை இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?"

அப்பா சாப்பாட்டுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து கடிதத்தைக் கேட்டு வாங்கினார். முழுவதும் படித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினார். கேட்ட வரியை எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. குழந்தையின் அம்மா எழுதியிருந்தார். சுருக்கமான கடிதம். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. முதலில் சில வாரம் அவள் யாரோடும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது புதுப் பள்ளியில் பழகிவிட்டாள், ஆயாம்மாவைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆறின புண்ணை மறுபடி கிளற வேண்டாம் என்பதால் உன் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. இந்தப் போட்டோவை முடிந்தால் ஆயாம்மாவிடம் சேர்த்துவிடு. அவ்வளவுதான். கூடவே ஒரு போட்டோ. பள்ளிச் சீருடையில் அந்தக் குழந்தை, சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஆஃப். காடாம்புலியூர் போயிட்டு வந்துரலாம்" என்றார் அப்பா.

ஸ்கூட்டரில் போனோம். பெயர்கூடத் தெரியாது. முந்திரித் தோப்பு ஓரமாகச் சைக்கிளில் வந்த ஒருவரை நிறுத்தி, மந்தாரக்குப்பத்தில் வடநாட்டு ஆபீசர் வீட்டில் பிள்ளை வளர்த்தவர், வீட்டுக்காரருக்கு இடுப்பில் அடி என்று அடையாளம் சொன்னோம். "அதுவா, வாங்க சார், சந்து சந்தா போவணும், சொன்னா புரியாது" என்று வந்த சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனார். வாசல் வரை விட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

ஒரு ஓட்டுக் கொட்டகையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அதில் இருந்தார். கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அய்ய, சைக்கிள் பாப்பா! வா தாயி, வாங்க சார்" என்று எழுந்து அப்பாவுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மற்றவர்களிடம், "நான் சொன்னேன்ல, வெயில்ல என்ன வச்சி மிதிச்ச புள்ள" என்றார்.

அப்பா உட்காரவில்லை. "பொண்ணு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க" என்றார்.

நான் சொன்னேன். ஒரே மூச்சில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். வீடு பின்னாலேயே இருந்தது எனக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் அந்த ரோட்டில் அனுப்பினேன், விளையாட்டுக்குச் செய்தேன் என்று. கொட்டை உடைக்கும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

யாரோ ஒரு பெண், "சின்னப் புள்ள, தெரியாம வெளையாடிடுச்சி. வுடுக்கா" என்றார்.

அந்த அம்மாவின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது. என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "அதுவும் சின்னப் புள்ளதான?"

நான் போட்டோவை நீட்டினேன். அவர் கையைப் புடவையில் துடைத்தார். கறுப்பு போகவில்லை. சாம்பலைத் தொட்டுத் தேய்த்து, மறுபடி துடைத்து, படத்தில் கறை படாமல் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"எளச்சிடுச்சி" என்றார். பிறகு என்னிடம், முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்து, "நான் வந்தேன்னு அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

'நான் லெட்டர்ல எழுதிட்டேங்க' என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவரும் நிம்மதியாகியிருப்பார். அவ்வளவு சுலபமாக அது வாயில் வந்து நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.

"நான் எழுதினேன். ஆனா அவங்கம்மா பாப்பாகிட்ட சொல்லலையாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். போட்டோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நாங்கள் காத்திருந்தோம். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முன்பு எனக்காகப் பேசிய அந்தப் பெண்தான், "நீங்க கெளம்புங்க சார்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. காலேஜ், கல்யாணம், வேறு ஊர் என்று காலம் ஓடிவிட்டது. ஒரு முறை அந்தப் பக்கம் போனபோது தேடினேன். கொட்டகை இருந்த இடத்தில் வேறு யாரோ வீடு கட்டியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டாயிற்றே, சின்ன வயதுதானே என்று என் கணவர் சொல்வார். நான் சொன்ன பாதியைக் கேட்டவர் அப்படித்தான் சொல்ல முடியும்.

அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயது ஆகியிருக்கும். அது பேசிய தமிழ்கூட மறந்துபோயிருக்கலாம். தன்னை இருபது நாள் சிசுவாகக் கையில் வாங்கி வளர்த்தவர் தன்னை வழியனுப்பக்கூட வரவில்லை என்று எங்கோ ஓர் ஊரில் ஒரு பெண் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்றால், அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தவள் நான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.